மாலை போட்டவரிடம் ஒரு பொய் கேட்டேன்

எம்.ஏ.வுக்கு உளவியல் எடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, பேங்க் பரீட்சைக்கு அதிலிருந்து கேள்வி வருமா என்று கேட்டார். வராது என்றேன். மறுபடியும் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பையன் உருப்பட மூன்று வழிகள்தான் இருந்தன. பேங்க், ரயில்வே, டெலிபோன்ஸ். நான் நாலாவதாக ஒரு வழியில் போனேன். அது எங்கே போய் முடிகிறது என்று எனக்கே தெரியாததால் அப்பாவிடம் விளக்கிச் சொல்லவும் முடியவில்லை.

எம்.ஏ. முடித்துவிட்டு வெளி மாநிலத்தில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் பயிற்சி. மையைக் கொட்டி மடித்த மாதிரி இருக்கும் அட்டைகளைக் காட்டி, இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். வண்ணக் கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொல்ல வேண்டும். எண்களைச் சொல்லி, கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். பால்வாடி ஆயாவும் இதைத்தானே செய்கிறார், அதற்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று என் மாமனார் பிற்பாடு கேட்டார். அவருக்குச் சொல்ல நல்ல பதில் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. குற்ற வழக்குகளில் கைரேகை பார்ப்பவர் கண்ணாடித் தம்ளரைப் பார்ப்பார். ரத்தம் பார்ப்பவர் சட்டையைப் பார்ப்பார். நான் ஆளையே பார்க்க வேண்டும். இவர் சொல்வது உண்மையா, இவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா, வழக்கு விசாரணை என்றால் என்னவென்று இவருக்குப் புரிகிறதா என்றெல்லாம் சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். தடயவியல் உளவியலாளர் என்று அழகான பெயர். எங்கள் தெருவில் அது 'மனசைப் படிக்கிறவர்' என்று ஆகிவிட்டது. கல்யாண வீடுகளில் என் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது.

மாடம்பாக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சங்கிலி காணாமல் போயிற்று. வேலை செய்கிற பெண்மணியை என் எதிரே உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்றும் கேட்க வேண்டாம், சும்மா பாருங்கள் போதும் என்றார் வீட்டுக்காரர். நானும் பெரிய மனிதன் தோரணையில், கண் இமைக்காமல், கண்களின் அசைவைக் கவனிப்பது எப்படி என்று படித்ததையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு பார்த்தேன். அந்த அம்மாள் சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டு, "இன்னா சார், கண்ல தூசு வுழுந்துகீதா?" என்று கேட்டார். மறுநாள் சங்கிலி அரிசி டின்னுக்குள் கிடைத்தது. ஊருக்குப் போகும்போது வீட்டுக்கார அம்மாவே ஒளித்து வைத்தது. நான் வந்து பார்த்ததால்தான் கிடைத்தது என்று அவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பொய் கண்டறியும் கருவி ஒன்று இருந்தது. பெட்டிக்குள் அடங்கிவிடும். மார்பைச் சுற்றி ஒரு ரப்பர் குழாய், கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரல் நுனியில் இரண்டு தகடுகள். ஆள் பதில் சொல்லும்போது மூச்சும் நாடியும் வியர்வையும் எப்படி மாறுகின்றன என்று பேனாக்கள் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். அது பொய்யைக் கண்டுபிடிக்காது, பதற்றத்தைத்தான் காட்டும். பதற்றம் எதனால் வந்தது என்று சொல்லவேண்டியது நான். எனக்கே அந்தக் கருவியைத் தொட்டால் பதற்றமாக இருக்கும். அதன் பேனாக்களில் ஒன்று அடிக்கடி மை கக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகை மாதம், தெற்கே போகிற ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் எங்கள் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து அந்தக் கருவியை வைத்து ஒருவரைச் சோதிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. நான்தான் தாம்பரத்துக்காரன் ஆயிற்றே, வீட்டுக்குப் போகிற வழியில் முடித்துவிடலாம் என்று மேலதிகாரி என்னையே அனுப்பினார். ஜீப் கிடைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் ஏறினேன். அந்த மாதத்தில் எங்கள் ரயிலில் ஒரு பெட்டி முழுக்க ஐயப்பன் பஜனை நடக்கும். கறுப்பு வேட்டி கட்டிய ஆபீஸ்காரர்கள் தாளம் தட்டிக்கொண்டே வருவார்கள். என் பெட்டியைப் பார்த்ததும் ஆர்மோனியம் என்று நினைத்து, வெளியே எடுங்க சாமி என்று நெருக்கினார்கள். இது ஆர்மோனியம் இல்லை, பொய் சொன்னால் காட்டிக்கொடுக்கும் கருவி என்றேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் சட்டென்று பாட்டில் மும்முரமானார்கள். பல்லாவரம் தாண்டுவதற்குள் என் பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது.

காவல் நிலையத்துக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் உட்பட முக்கால்வாசிப் பேர் மாலை போட்டிருந்தார்கள். காக்கிச் சட்டை, வெறுங்கால், தாடி, கழுத்தில் துளசி மாலை. மாலை போட்டவர் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், கெட்ட வார்த்தை பேசக் கூடாது, கை நீட்டக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. லாக்கப்பில் இருந்த ஒரு சைக்கிள் திருடரை ஏட்டு, "சாமி, கொஞ்சம் நவுந்து உக்காருங்க சாமி" என்று கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். இன்ஸ்பெக்டர் வெளிப்படையாகவே சொன்னார்: மலைக்குப் போய்விட்டு வரும்வரை அவர்களுடைய வழக்கமான விசாரணை முறை எதுவும் செல்லாது. அதனால்தான் அறிவியலைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அந்த மாதத்து ஆண்டி நான்.

வழக்கு இதுதான். தீபாவளிக்கு முந்தின நாள், ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரில் பேருந்துக்காகச் சாலையோரம் நின்றிருந்தது. ஒரு வேன் ஒதுங்கி வந்து ஒருவரை இடித்தது. மனைவியோடும் கைக்குழந்தையோடும் நின்றிருந்த மனிதர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். வேன் ஒரு கணம் நின்றுவிட்டு ஓடிவிட்டது. மறுநாள் காலை வேனின் டிரைவர் சாவியோடு காவல் நிலையத்துக்கு வந்து, நான்தான் இடித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். குற்றம் நிரூபணமானால் அவருக்குச் சிறை, கூடவே லைசென்ஸும் போய்விடும். டிரைவருக்கு லைசென்ஸ் போனால் என்ன மிச்சம் இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் இருந்தது. வேனின் சொந்தக்காரர் அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். முன்பு விவசாயம், இப்போது நிலம், செங்கல், ஜல்லி, நாலைந்து வண்டிகள். அவருக்கு ஒரே மகன், புதிதாக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவன். இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறியவன் சின்னப் பையன் என்று அங்கிருந்த டீக்கடைக்காரர் முதலில் சொன்னார். அப்புறம் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். டிரைவரோ இருபது வருடமாக ஒரு நாயைக்கூட இடித்தவரில்லை. அவருடைய மகளை வரும் வருடம் டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்துவிடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஒரு பேச்சு, திடீரென்று, அதுவும் தீபாவளிக்கு அப்புறம். இதில் இன்னொரு சங்கடம், அந்த முதலாளிதான் ஊருக்கே குருசாமி. வருடாவருடம் கார்த்திகை முதல் தேதி தன்னிடம் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தன் கையாலேயே மாலை போட்டு, சொந்தச் செலவில் மலைக்குக் கூட்டிப் போகிறவர். இன்ஸ்பெக்டருக்கும் அவர்தான் மாலை போட்டிருந்தார். டிரைவருக்கும்.

மாடி அறையில் டிரைவரை உட்கார வைத்திருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும், குட்டையான மனிதர், கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம். ரப்பர் குழாயை மார்பில் சுற்றும்போது மாலையில் படாமல் சுற்றும்படி கேட்டுக்கொண்டார். சுற்றினேன். முறைப்படி முதலில் பேச்சுக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு வண்டியை ஓட்டியது நீங்கள்தானா என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"அதான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே சாமி," என்றார்.

ஒத்துழைக்கிறார் என்று குறித்துக்கொண்டேன். என் கையெழுத்து அன்று மிக அழகாக இருந்தது.

அடுத்தது சீட்டுச் சோதனை. எண் எழுதிய சில சீட்டுகளைக் கவிழ்த்து வைப்போம். ஆள் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, இதுவா என்று கேட்பேன். எல்லாவற்றுக்கும் அவர் 'இல்லை' என்றே சொல்ல வேண்டும். அதாவது ஒரே ஒரு முறை பொய் சொல்ல வேண்டும். அந்தப் பொய்க்குப் பேனா எப்படித் துள்ளுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால்தான், நிஜமான கேள்விகளுக்கு வரும்போது ஒப்பிட முடியும். பொய்யைப் பிடிக்க முதலில் ஒரு பொய் வேண்டும். தயிர் வேண்டுமானால் பாலில் முதலில் கொஞ்சம் தயிரை உறை ஊற்றுகிற மாதிரி.

அவர் சீட்டை எடுத்துப் பார்த்தார். நான் ஐந்தா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆறா என்றேன். ஆமாம் சாமி என்று சீட்டைத் திருப்பியே காட்டிவிட்டார்.

புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் விளக்கினேன். புரிந்தது என்றார். மறுபடியும் எடுத்தார். மறுபடியும் காட்டினார். மூன்றாவது முறை கையைக் கூப்பிக்கொண்டார். "மாலை போட்டுக்கினு பொய் சொல்லக் கூடாது சாமி. வேற இன்னா வேணா கேளுங்கோ."

இது நிஜமான பொய் இல்லை, விளையாட்டுக்கு என்றேன். விளையாட்டுக்கும் கூடாது என்றார். ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார், இது சர்க்கார் வேலை என்றேன். சிரித்தார். நீங்கள் எனக்காகச் சொல்வதால் பாவம் என்னைத்தான் சேரும் என்றேன். அப்படி ஒருத்தர் தலையில் கட்டுவதும் பாவம்தானே என்றார். நான் அடுக்கிய நியாயங்களையெல்லாம் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. புராணத்திலிருந்துகூட ஒன்றை எடுத்து விட்டேன். படித்த படிப்பையெல்லாம் கொட்டி, அரசாங்கச் சம்பளத்தில், ஒரு நல்ல மனிதரைப் பொய் சொல்லச் சொல்லி ஒரு மணி நேரம் கெஞ்சினேன். அவர் அசையவில்லை. கடைசியில் மை கக்குகிற பேனா என் வெள்ளைச் சட்டையில் கக்கியது. ஒத்துழைக்கிறார் என்று முன்னால் எழுதியதை அடித்துவிட்டு, சோதனைக்கு ஆள் ஒத்துழைக்கவில்லை என்று திருத்தினேன். பெட்டியை மூடிக்கொண்டு கீழே வந்தேன். நான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தது அவரைத்தான்.

வீட்டில் என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகளோடு பேசிப் பழகியதால் பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாது. சட்டையில் என்ன மை என்று கேட்டாள். நான் அன்றைய பாட்டை முழுதாகப் பாடினேன். நாட்டில் அறிவியல் மனப்பான்மை வளராததைப் பற்றியும் கொஞ்சம் பேசினேன். அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டு, அவர்தான் வண்டி ஓட்டினதாக அவர் வாயால் சொன்னாரா என்று கேட்டாள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார் என்றேன். நான் கேட்டது அது இல்லை என்றாள்.

நான் சட்டையைக் கழற்றி மையைத் தண்ணீரில் தேய்த்தேன்.

"மாலை போட்டுக்கிட்டுப் பொய் சொல்ல மாட்டேன்னு ஒருத்தர் சொல்றார். அவர்கிட்ட உண்மையைக் கேட்டுட்டு வராம, ஒரு மணி நேரம் பொய்யைக் கேட்டுட்டு வந்திருக்கீங்க," என்றாள். பிறகு பீன்ஸுக்குத் திரும்பிவிட்டாள்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைச் சின்ன வயதில் கேட்டபோது, இவ்வளவு முட்டாள் ஊரில் இருப்பானா என்று நினைத்திருக்கிறேன். அன்று ராத்திரி அவர் பேசியதை ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னது உண்மை; எழுதியது கார்த்திகைக்கு முன்னால், மாலை போடாதபோது. ஓட்டினேன் என்று சொல்லியிருந்தால் பொய். நூல் பிடித்த மாதிரி அந்த இரண்டுக்கும் நடுவே அவர் நடந்திருக்கிறார், நான் அதைப் பார்த்து ஒத்துழைக்கிறார் என்று எழுதியிருக்கிறேன். கேட்க வேண்டுமானால் இப்போதே கேட்க வேண்டும். குருசாமியின் கூட்டம் இருமுடி கட்டிக்கொண்டு அடுத்த வாரம் மலைக்குக் கிளம்புகிறது. திரும்பி வந்து மாலையைக் கழற்றிவிட்டால் அவரும் எல்லோரையும் போல ஆகிவிடுவார். அப்புறம் கோர்ட்டில் அந்த வாக்குமூலத்தையே ஒப்பித்துவிட்டு ஜெயிலுக்குப் போய்விடுவார்.

கருவியைச் சரிசெய்துவிட்டேன் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லி அவரை மறுபடியும் கூப்பிட வைத்தேன். மாலை போடாதவன் பொய் சொல்லலாம், அந்த வசதி எனக்கு இருந்தது. அதே மாடி அறை. பெட்டியைத் திறக்கவில்லை. அவர் தானாகவே சட்டைப் பித்தானைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன்.

"சாமி, அன்னைக்கு வண்டியை ஓட்டினது நீங்களா?"

"அதான் எழுதிக் குடுத்..."

"எழுதினது இருக்கட்டும். ஓட்டினேன்னு வாயால சொல்லுங்க, போதும்."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கை மெதுவாக மேலே போய் மாலையில் தொங்கிய ஐயப்பன் டாலரை மூடிக்கொண்டது. கீழே சாலையில் லாரிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மாடம்பாக்கத்தில் பார்த்த மாதிரி இல்லை. எதையும் கண்டுபிடிக்கப் பார்க்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியது.

"மலைக்குப் போய்ட்டு வந்து மாலையைக் கயட்டிடறேன் சாமி," என்றார். "அப்பால கூப்டு கேளுங்கோ. நல்லா சொல்றேன்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளே ஒருவன் துள்ளினான். அதற்கப்புறம்தான் என் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பது உறைத்தது. பொய் சொல்ல அவருக்கு மனம் இருக்கிறது, தேவையும் இருக்கிறது, நாள்தான் இல்லை. என்னிடம் அவர் கேட்டது அந்த நாளைத்தான். நான் அவர் தோளைத் தொட்டு, போய்வாருங்கள் சாமி என்று மட்டும் சொன்னேன்.

கீழே போய் இன்ஸ்பெக்டரிடம், கருவி வேலை செய்யவில்லை என்றேன். டிரைவர் சொன்னதை மட்டும் ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன். வேறு ஊர் அதிகாரியாக இருந்தால், இது ஒரு பதிலா என்று என்னைத் துரத்தியிருப்பார். இவர் தன் கழுத்து மாலையை விரலால் உருட்டிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

அப்புறம் நடந்ததை, கூடவே போன ஏட்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும். குருசாமி வீட்டில் அன்று பூஜை. கூட்டம் கூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் வெறுங்காலோடு உள்ளே போய், குருசாமியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, எழுந்திருக்காமல் அப்படியே குனிந்தபடி, வண்டியை ஓட்டியது யார் சாமி என்று கூட்டத்துக்குக் கேட்காத குரலில் கேட்டாராம். குருசாமி பதில் சொல்லவில்லை. தான் ஊருக்கே போட்ட மாலை ஒன்று தன் கழுத்திலும் கிடப்பதை அந்த மனிதர் அதுவரை மறந்துபோயிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். சற்று நேரம் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். டீக்கடைக்காரருக்கும் பார்த்ததெல்லாம் திரும்ப ஞாபகம் வந்தது. டிரைவர் பெயர் வழக்கிலிருந்து போயிற்று.

இந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும்போது இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். சொல்லச் சொல்ல அதில் என் மனைவியின் பங்கு குறைந்துகொண்டே வந்தது, பீன்ஸ் முதலில் போயிற்று. இந்த வேலைக்கு எப்படி வருவது என்று யாராவது கேட்டால், எம்.ஏ. படியுங்கள், ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுங்கள், சட்டம் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், குறுக்கு விசாரணையில் அழாமல் நிற்கப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஊர் வழக்கம் தெரிய வேண்டும் என்று ஒரு விரலைத் தூக்குவேன். அந்த விரலைத் தூக்கும்போது எனக்கு நானே கொஞ்சம் உயரமாகத் தெரிவேன்.

சில வருடங்கள் கழித்து, அதுவும் ஒரு கார்த்திகை மாதம்தான், செங்கல்பட்டு கோர்ட்டில் சாட்சி சொல்வதற்காகப் பெருங்களத்தூரில் பேருந்துக்கு நின்றிருந்தேன். மறைமலை நகர்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஒன்று ஓரமாக நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "சார், ஞாபகம் கீதா?" என்றார். மழமழவென்று சவரம் செய்த முகம், வெள்ளைச் சட்டை, காலில் செருப்பு. அடையாளம் தெரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

டீ வாங்கித் தந்தார். வாங்கிக்கொண்டேன். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். திட்டவெல்லாம் இல்லை, அவர் குடியிருக்கக் கொடுத்த வீட்டை மட்டும் காலி பண்ணச் சொன்னார் என்றார். மகளைப் பற்றிக் கேட்டேன். தாம்பரத்தில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் தைக்கப் போகிறாளாம். டிரெயினிங் அப்புறம் ஆகிவரவில்லை. இதையெல்லாம் அவர் எனக்கு உறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஊர் விஷயம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். டீயை ஆற்றிக்கொண்டே, "ஒரு மாசம் பொறுத்துருக்கலாம் சார் நீங்க," என்றார்.

உங்களை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றினேனே என்று சொல்ல வாயெடுத்து, டீயைக் குடித்தேன். சற்றுத் தள்ளி நின்ற தெற்கத்திப் பேருந்தில் கறுப்பு வேட்டிக் கூட்டம் ஒன்று சரணம் சொல்லிக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தது. பேச்சை மாற்றுகிற அவசரத்தில், இந்த வருஷம் மாலை போடவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"அந்த வருசத்தோட வுட்டுட்டேன் சார்," என்றார். "மாலை போட்டுக்கினா பொய் சொல்ல வர மாட்டுது. நம்மளுக்குக் கட்டுப்படியாவல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு என் பேருந்து வருவதை முதலில் பார்த்தவர் அவர்தான். நடுச் சாலைக்குப் போய்க் கையைக் காட்டி நிறுத்தி, படியில் ஏறும்போது என் பையை வாங்கி உள்ளே கொடுத்தார்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டலூர் போனது, கூடுவாஞ்சேரி போனது, நான் எதையும் பார்க்கவில்லை. வருடத்தில் அந்த ஒரு மாதம் அவர் யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டியிருந்ததில்லை. முதலாளிக்காகக்கூட. என் பெட்டிக்குள் இருந்த கருவி வேலை செய்யவில்லை என்று, அவர் கழுத்தில் கிடந்ததைக் கருவியாக எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அதை அவரால் போட்டுக்கொள்ள முடியவில்லை. மார்பில் குழாய் சுற்றும்போது மாலையில் படாமல் சுற்றுங்கள் என்று அவர் முதலிலேயே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்தி, ஒருவர் உண்மை சொல்கிறாரா இல்லையா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார். என் கழுத்தில் மாலை இல்லை; முடியும் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.